பணம் கட்டி அனுப்பும் செய்தி வேற்றுக்கிரகத்துக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: 4,000 ரூபாய் கட்டினால் என் மகன் பெயரை ரேடியோ அலையாக விண்வெளிக்கு அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். எட்டாவது படிக்கும் அவனோ, அதைக் கேட்டு வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிடுவார்கள் என்று இரவில் தனியாகப் படுக்கவே மறுக்கிறான். அப்படி நடக்குமா?

பதில்: பையனை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். பணத்தைக் கட்டாதீர்கள்.

சூரியனை விட்டால் நமக்குப் பக்கத்து நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. ஒளியே அங்கே போய்ச் சேர 4 ஆண்டுக்கு மேல் ஆகும். 1977-இல் கிளம்பிய நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அவ்வளவு தூரத்தைக் கடக்க அதற்கு 70,000 ஆண்டுக்கு மேல் வேண்டும். ஒளியை எதனாலும் முந்த முடியாது. அங்கிருந்து வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

சரி, செய்தி? வாயேஜர் சுமார் 23 வாட் சக்தியில் பேசுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பில் பாதிகூட இல்லை. அதைப் பிடிக்க ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே 70 மீட்டர் அகல ஆண்டெனாத் தட்டு வைத்திருக்கிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் அலை நாலில் ஒரு பங்காகிவிடும். பிராக்சிமாவோ வாயேஜரைப் போல 1,500 மடங்கு தொலைவு. அலை 20 லட்சம் மடங்குக்கு மேல் மெலிந்துவிடும்.

அந்த ஆளிடம் கேளுங்கள்: ஆண்டெனா எங்கே இருக்கிறது, எத்தனை வாட், தொலைத்தொடர்புத் துறை உரிமம் எங்கே? பதில் வராது, பளபளப்பான சான்றிதழ்தான் வரும். நட்சத்திரத்துக்கு உங்கள் பெயர் வைப்பதாகச் சொல்பவர்களும் இதே ரகம். சர்வதேச வானியல் ஒன்றியம் எந்தப் பெயரையும் விற்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் தட்டு, எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை நோக்கி ஒரு செய்தியை அனுப்பியது. மொத்தமே மூன்று நிமிடத்துக்குள். அது நிஜமாகவே பலமான அலை. போகிற வழியில் அதே அளவு தட்டு வைத்துக்கொண்டு, சரியான அலைவரிசையில், அந்த மூன்று நிமிடம் யாராவது காத்திருந்தால் கேட்கும். ஆனால் ஊசி போல ஒரே திசையில் போகும் அலை அது. கொஞ்சம் தள்ளி இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. போய்ச் சேரச் சுமார் 25,000 ஆண்டு. இப்போதுதான் 50 சொச்சம் ஆகியிருக்கிறது.

அந்தத் தட்டும் இப்போது இல்லை. 2020-இல் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, டிசம்பரில் மேலே தொங்கிய மேடையே விழுந்து நொறுங்கியது. திரும்பக் கட்டப் பணம் ஒதுக்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ அலையைத் தேடும் நாசாவின் திட்டத்துக்கும் தொடங்கிய மறு வருடமே, 1993-இல், அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கிறவர்களுக்குப் பணம் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒருவேளை ஆன்லைனில் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.