வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாமா?

கேள்வி: துணிக்கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள். யுனிசாவில் (தென்னாப்பிரிக்காவின் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகம்) பட்டம் படிக்க ஆசை. சமாளிக்க முடியுமா அக்கா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதே. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு. 12 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 15 வாரத்தில் முடிக்க, வாரம் 8 மணி வேண்டும். இரண்டு பாடம் என்றால் 16. நான் ஆசைப்பட்டு நாலு எடுத்தேன். இரண்டில் தவறினேன், கட்டிய பணமும் போச்சு. அப்புறம்தான் விடிகாலை நாலரைக்கு எழுந்து, ரொட்டி மாவு ஊறும் நேரத்தில் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்தேன். மாவு ஒட்டிய அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்று: இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் படிப்புக்கென்று தனி விடுமுறை கிடையாது. தேர்வு நாட்களுக்குப் பெரும்பாலும் ஆண்டு விடுப்பைத்தான் எடுக்கணும். தேதி வந்ததுமே முதலாளியிடம் சொல்லிவிடு.