மேசைக்கடியில் விழும் துணி

வணக்கம் அம்மா,

நான் உடை வடிவமைப்பு இறுதியாண்டு மாணவி. அடுத்த மாதம் கியோட்டோ போகிறேன். அங்கே வாடகைக்குக் கிமோனோ எடுத்து உடுத்தினால் உள்ளூர்க்காரர்கள் மனம் புண்படுமா? உடம்பின் வடிவத்தையே மறைக்கும் அந்தச் சாக்குப்பையில் கலை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் ஜப்பானின் நவீன வடிவமைப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள் போலும். அவர்களோ ஓட்டை விழுந்த கறுப்புத் துணியைப் பணக்காரர்களுக்கு விற்கிறார்கள். கல்லூரியில் என் இறுதிப் படைப்பாக, செர்ரிப்பூ அச்சிட்ட சாட்டினில் அகலக் கை வைத்த கவுன் தைக்கப்போகிறேன். சோழமண்டலக் கரைத் துணி ஜப்பானுக்குப் போனதாமே, அதையும் சேர்க்கலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாக உடுத்துங்கள். வாடகைக் கடைக்காரர்களுக்கு அது பிழைப்பு. முன்பக்கத்தை மூடும்போது உங்கள் இடது பக்கம் மேலே வர வேண்டும்; வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. நம் கரைத் துணி போனதும் உண்மைதான். சாந்தோம் பெயரிலேயே விற்ற கோடு போட்ட பருத்தியை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ஆண்கள் விரும்பி உடுத்தினார்கள். அது தனிக்கதை, இங்கே வேண்டாம். இடம் இதற்கே போதாது.

சாக்குப்பை என்று எப்படி எழுதினீர்கள்? இத்தனை ஆண்டு வெட்டவும் தைக்கவும் படித்துவிட்டு, ஒரு கிமோனோவைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? கொஞ்ச காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதே அதன் வெட்டுதான். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

என் அப்பா தையற்காரர். ரவிக்கையின் கழுத்து வளைவு, அக்குள் வளைவு என்று கத்தரிக்கோல் திரும்பும் இடமெல்லாம் துணி பிறை பிறையாக மேசைக்கடியில் விழும். அவற்றைப் பொறுக்கித் தலையணைக்குள் அடைப்பது என் வேலை. தலையணைக்கும் ஆகாத நூலளவுத் துண்டுகளைத் தெருவில் கொட்டும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு மூதாட்டி, பழைய நீலக் கிமோனோவின் தையலைப் பிரித்துத் துண்டுகளைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் நேர்நேரான நீளத் துண்டுகள். பிறை வடிவில் ஒன்றுகூட இல்லை. வெளிப்பக்கம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. தையலுக்குள் மடிந்திருந்த விளிம்பில் மட்டும் அவுரி நீலம் நேற்றுத் தோய்த்ததுபோல் இருந்தது. நான் தையற்காரர் மகள். அங்கிருந்து நகரவே முடியவில்லை.

ஒரு கிமோனோவுக்கான துணிச்சுருள் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். அந்த ஒரே சுருளிலிருந்து உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு இரண்டு. ஆக எட்டுத் துண்டுகள், எல்லாம் நேர்வெட்டு. மிச்சத்தை வெட்டி எறிவதில்லை, உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். உயரம் குறைந்தவள் இடுப்பில் மடித்துக் கட்டிக்கொள்வாள். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி நீளமாக இணைத்துத் துவைத்து, இரு முனையிலும் ஊசி வைத்த மூங்கில் குச்சிகளால் அகலவாக்கில் விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். நைந்த இடம் உள்ளே போகும்படி திருப்பித் தைப்பார்கள். பிறகு அது குழந்தைக்குச் சட்டையாகும், கடைசியில் கந்தையாகும். உடம்பின் வடிவம் தெரியவில்லை என்கிறீர்கள். நெய்தவரின் உழைப்பு முழுசாகத் தெரிகிறதே, அது கண்ணில் படவில்லையா?

இதையா கைவிட்டார்கள்? நீங்கள் சொல்லும் நவீன வடிவமைப்பாளர்களில் ஒருவரான இஸ்ஸே மியாக்கேயைச் சரியாகப் படியுங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. 1993இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற அவருடைய மடிப்புடை வரிசை வந்தது. உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக முதலில் தைத்து, காகிதங்களுக்கிடையில் வைத்துச் சூடாக அழுத்தி மடிப்பை ஏற்றினார். 1998இல் குழாய்போல் பின்னிய துணிக்குள்ளேயே உடையின் கோடுகளை அமைத்தார். வாங்குபவர் கோட்டின்மேல் வெட்டினால் போதும், தையலே வேண்டாம். கிமோனோவின் தோற்றம் இதில் எங்கும் இல்லை. துணியின் மேல் அதே மரியாதை இருக்கிறது.

இன்னொரு வடிவமைப்பாளரான ரெய் கவாகுபோவின் ஓட்டை ஸ்வெட்டர் மோசடி இல்லை. பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி, இயந்திரம் தானாகத் தவறவிட்ட இழைகளை அப்படியே ஏற்றுக்கொண்டார். விலை அநியாயம் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். கறுப்பு உடைக்குப் பெயர்போன வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோவின் தாய் போரில் கணவனை இழந்தவர், தையல் வேலை செய்தே மகனை வளர்த்தவர். அந்தக் கறுப்புத் துணியைப் பழிக்குமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செர்ரிப்பூ கவுனை விட்டுவிடுங்கள், அம்மா. அது சுற்றுலா விளம்பரம். உங்களுக்குக் கை இருக்கிறது, கடிதத்தில் கோபமும் இருக்கிறது. இரண்டும் வீணாகக் கூடாது. தோஜி சந்தையில் தையல் பிரித்த பழைய துணி வாங்குங்கள். அதை வளைத்து வெட்டாமல் ஒரு உடை தையுங்கள். தைத்து முடித்ததும் மேசைக்கடியில் எவ்வளவு விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.