மூன்று முறை பழுதான ரிவால்வரை இனி நம்பலாமா?

தேவகோட்டையில் அடகுக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உரிமத்தோடு .32 ரிவால்வர் ஒன்றை இருபது மாதங்களுக்கு முன் புதிதாக வாங்கினாராம். முதல் பன்னிரண்டு தோட்டாவுக்குள் சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுற்றும் உருளை) இறுகிக்கொண்டு சுற்ற மறுத்தது. நிறுவனத்துக்கு அனுப்பி, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. அடுத்து, ஆறு தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது சுடும்போது பக்கவாட்டில் ஈயத்தூள் தெறித்து, அருகில் நின்றவர் கையில் சுருக்கென்று பட்டிருக்கிறது. "அப்பச்சி வைத்திருந்த சீமை ரிவால்வர் நாற்பது வருடம் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தப் பெயரையே இனி நம்பக்கூடாது என்று தோன்றுகிறது. மூன்றாவது முறை அனுப்புவதா, மைத்துனர் சொல்கிறபடி காரைக்குடி லேத் பட்டறையில் சரிசெய்வதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா?" என்பது அவர் கேள்வி.

முதலில் ஒன்று: இன்றிலிருந்து அந்த ரிவால்வரைச் சுடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் மூன்று பழுது என்று எண்ணியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே பழுதின் மூன்று முகம் போலத் தெரிகிறது. ரிவால்வரில் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் சுற்றி வந்து, அதன் அறை, அதாவது தோட்டா இருக்கும் துளை, குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் அது ஆடக்கூடாது. அந்த ஆட்டம் கூடுதலாக இருந்தால், முன்னால் போகும்போது சிலிண்டரின் முகம் குழலின் பின்விளிம்பில் உரசி இறுகும். சுத்தியல் அடிக்கும்போது சிலிண்டர் முன்னே நழுவி, அடியின் வேகத்தில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும், ப்ரைமர் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) பற்றாது. சுற்றுவதும் பூட்டுவதும் சரியாக அமையாமல் அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால், ஈயக்குண்டு குழலின் வாய் விளிம்பில் சீவப்பட்டு, சீவல் வெளியே தெறிக்கும். இடைவெளி வழியாகக் கொஞ்சம் புகையும் கரியும் வருவது எந்த ரிவால்வரிலும் இயல்பு. உலோகச் சீவல் வருவது இயல்பல்ல. ஸ்பிரிங்கை மாற்றியவர் காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்டிருக்கிறார் என்பதே என் சந்தேகம்.

இதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்து வீட்டில் வேறு இடத்தில் வைத்துவிட்டு, சிலிண்டரின் ஆறு அறையும் காலி என்று இரண்டு முறை பாருங்கள். பிறகு சிலிண்டரை விரலால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அது நல்ல அறிகுறி அல்ல. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். அடுத்து சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் பின்னே போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டியிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் தடுமாறுவது உண்டு.

வெடிக்காத அந்த இரண்டு தோட்டாக்களையும் எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவை உங்கள் சாட்சிகள். ப்ரைமரில் சுத்தியல் அடித்த பள்ளம் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்திருந்தால் அறை நேராக நிற்கவில்லை. நடுவில் விழுந்தும் ஆழம் இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ச்சியோ, நான் சொன்ன முன்பின் ஆட்டமோ காரணம். பள்ளம் நன்றாக ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா? அப்படியானால் குறை தோட்டாவில். நிறுவனத்தை நோவதில் நியாயமில்லை.

நியாயம் என்று வந்ததால் உங்கள் பக்கமும் கொஞ்சம் கேட்கிறேன். காலி தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே போதும், சிலிண்டர் இறுகிவிடும். துடைத்தீர்களா? எண்ணெய் என்ன போட்டீர்கள்? நம் ஊரில் ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்த ரிவால்வரை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே எல்லாம் பிசின். குற்றம் சொன்னது துப்பாக்கியை. தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைப்பதும் தவறு; தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். இவை எதுவும் இல்லை என்றால் குற்றம் நிறுவனத்துடையதே.

லேத் பட்டறை யோசனையை மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, சிலிண்டரைத் தள்ளிச் சுற்றவைக்கும் சிறு நெம்புகோலை அரத்தால் ஒரு இழுப்பு அதிகம் இழுத்தால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மேலும், வெளியாள் கை பட்ட துப்பாக்கியை நிறுவனம் ஏற்காது. உங்கள் வழக்கின் உயிரே போய்விடும்.

இனி நம்பிக்கை பற்றி. அப்பச்சியின் ரிவால்வர் நாற்பது வருடத்தில் எத்தனை தோட்டா சுட்டிருக்கும்? ஆயுதபூஜைக்கு வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் வைத்து உள்ளே வைத்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன். சோதிக்கப்படாத நம்பிக்கை அது. பழைய சீமைத் துப்பாக்கிகள் நன்றாகச் செய்யப்பட்டவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துப் புதியதை அளக்காதீர்கள். நான் நம்புவது குழலில் பொறித்த பெயரை அல்ல, எண்ணிக்கையை. நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது ஒரு தடங்கலும் இல்லாமல் போனால்தான் என் கணக்கில் அது பாதுகாப்புக்கு ஆகும். அதுவும் உரிமம் பெற்ற ரைஃபிள் கிளப்பில், தோப்பில் அல்ல.

ஒரு நிறுவனத்தை எடைபோட இன்னொரு வழி, தன் குறையை அது எப்படி நடத்துகிறது என்பது. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1973க்கு முன் செய்த பழைய ரிவால்வர் வகைகள் சிலவற்றில், தோட்டா இருக்கும் அறை மேல் சுத்தியல் படிந்திருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கும் ஆபத்து இருந்தது. புதிய பாதுகாப்பு அமைப்பை அந்த ஆண்டு கொண்டுவந்த நிறுவனம், பழையவற்றுக்கும் அதைக் கட்டணமில்லாமல் பொருத்தித் தருகிறது. உங்கள் நிறுவனம் இரண்டு முறையும் என்ன செய்தது என்று எழுத்தில் தந்ததா? தரவில்லை என்றால் உங்கள் அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே மூன்றாவது பழுதுபார்ப்புக்குச் சம்மதிக்காதீர்கள். மாற்றுத் துப்பாக்கி அல்லது பணம் என்று கேளுங்கள். விற்ற கடைக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். இருபது மாதம் போய்விட்டது, ஆடி போகட்டும், ஆவணி வரட்டும் என்று இருக்காதீர்கள். மாற்றுத் துப்பாக்கி வந்தால் அதன் எண் வேறாக இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அதை உரிமத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

விற்பதைப் பற்றி: தனி நபர் தன் துப்பாக்கியை உரிமமுள்ள இன்னொருவருக்கு விற்க, ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். சட்டப்படி முடியும். ஆனால் பக்கவாட்டில் ஈயம் கக்கும் துப்பாக்கியை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு நான் வழி சொல்லமாட்டேன்.

அதுவரை அதை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். தேர்தல் நேரத்தில் செய்து பழகியதுதானே. ரசீதில் துப்பாக்கி எண் உரிமத்தில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.