செவுளைத் தூக்கிப் பார்த்த அம்மா

வணக்கம் சார்,

கடலோர உணவகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான், இந்த மே மாதம் பாலித் தீவுக்குப் போனபோது ஜிம்பரான் கடற்கரையில் சாப்பிடப் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மணலில் மேசை, பத்தடி தள்ளி அலை, எதிரே சூரியன் இறங்குகிறது. ஐஸ் பெட்டியில் மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா நேராகப் போய் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது எத்தன நாளு மீனு, கேளு" என்றார். அங்கிருந்த பையன் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "இது மேட்டூர் இல்லம்மா, வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டேன். ஒரு மீன், இறால், கணவாய் என்று கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தோம். பில் 18 லட்சம் ரூபியா. நம் பணத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். மீன் மட்டும் 2 கிலோ 300 கிராம் என்று போட்டிருந்தார்கள். தட்டில் வந்ததில் சதை ஒரு கிலோகூட இருக்காது. அம்மா, மீன் இனிக்கிறது என்று வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா சார்? இனி இப்படி எங்கும் வரமாட்டேன் என்கிறார் அம்மா.

ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பில் தொகையைவிட என்னை வருத்தியது "இது மேட்டூர் இல்லம்மா" என்ற வரிதான். முதலில் கணக்கை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

மீனை எடைக்கு விற்கும் கடலோர உணவகங்களில் பச்சை மீனை நிறுத்துத்தான் விலை போடுவார்கள். தலை, குடல், செதில், முள் எல்லாம் சேர்ந்த எடை அது. முழு மீனில் தின்னக்கூடிய சதை ஏறக்குறையப் பாதிதான் தேறும். தணலில் வாட்டும்போது நீர் வற்றி இன்னும் குறையும். அதனால் 2 கிலோ 300 கிராம் மீனில் ஒரு கிலோ சதைகூட இல்லை என்பதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்ல முடியாது. அப்புறம், மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அதற்கு அர்த்தம். வரி 10 சதவீதம். சேவைக் கட்டணம் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஒரு ரூபாய்க்கு 180, 190 ரூபியா என்று வரும் ஊரில், அத்தனை சைபர்களுக்கு நடுவே அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

சரி, ஏமாற்றினார்களா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிய வழியில்லை. தராசில் மீன் ஏறியபோது உங்கள் வீட்டு ஆள் ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டியவர் அம்மா. அவரை நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள்.

நம் சேலத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கடலே சுமார் 200 கிலோமீட்டர். ஐஸில் கிடந்து லாரியில் வரும் மீனைத்தான் நாம் கடல் மீன் என்று வாங்குகிறோம். மற்றபடி சேலத்துக்காரர்களுக்கு மீன் என்றால் மேட்டூர் டேம் மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி. குளத்தில் வளர்த்த மீனை டேம் மீன் என்று சொல்லி விற்கும் வியாபாரியிடம், ஒரு பார்வையிலேயே "இது வளர்ப்பு மீனுப்பா" என்று சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா எத்தனை வருடமாக மீன் வாங்குகிறாரோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம். கடலில் இருந்து இத்தனை தொலைவில் இருப்பவர்களுக்குத்தான் பழைய மீனைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை எழும்பி வருகிறதா. பாலியிலும் மீனுக்கு அதே செவுள்தான், அதே கண்தான். நான் இருக்கும் ஏற்காட்டில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மீன் கூடையிலும் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்போம்.

உங்களுக்கு வந்த கூச்சம் எனக்கும் வந்திருக்கிறது. போர்ச்சுகலில் நாசரே என்று ஒரு கடற்கரை ஊர். மீனைப் பிளந்து வலைச் சட்டங்களில் விரித்துக் கடற்கரையிலேயே காய வைத்திருப்பார்கள். அந்தக் கருவாட்டு வாசனையில் எனக்கு நம் ஊர்ச் சந்தை நினைவு வந்துவிட்டது. அங்கே ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததுமே ரொட்டியும் ஆலிவ் காயும் பாலாடைக் கட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். அதற்குக் கூவேர் என்று பெயர், அதற்கும் காசு உண்டு என்பது பில்லில்தான் தெரிந்தது. நாம் கேட்காமல் வந்ததைத் தொடாமல் விட்டால் காசு வாங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. இதற்குக் காசு உண்டா என்று நான் கேட்கவே இல்லையே. மீன் விலை கிலோவுக்கு எழுதியிருந்ததை ஒரு தட்டு விலை என்று எடுத்துக்கொண்டதும் அதே இடத்தில்தான். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம்.

அன்று பக்கத்து மேசையில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுந்து போய் மீன் பெட்டி முன்னால் நின்றார். ஒரு மீனை அமுக்கிப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார், இன்னொன்றை எடுக்கச் சொன்னார், தராசைப் பார்த்தார், பிறகுதான் வந்து உட்கார்ந்தார். பரிமாறுபவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கல் உப்பு மட்டும் போட்டுச் சுட்ட மத்தி மீன் அவர் மேசைக்கு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் பாட்டி சந்தையில் நின்று வாங்குவது போலவே இருந்தது அவர் நின்ற விதம். கிரேக்கத்திலும் பழைய கடலோரக் கடைகளில் சமையலறைக்குள்ளேயே கூப்பிட்டு மீனைக் காட்டுவார்கள். மீனைப் பெட்டியில் பார்வைக்கு வைப்பதே நாம் வந்து பார்க்கத்தான். ஜிம்பரானில் உங்கள் அம்மா செய்தது அந்தக் கடைக்கு உரிய முறையான காரியம். கூச்சப்பட வேண்டியது எதுவும் அதில் இல்லை.

மீன் இனித்த விஷயம். அங்கே தேங்காய் மட்டைத் தணலில் மீனை வாட்டும்போது பூண்டு, மிளகாயோடு கெச்சாப் மானிஸ் என்ற சாற்றையும் திரும்பத் திரும்பத் தடவுவார்கள். சோயாவும் பனைவெல்லமும் சேர்ந்த கெட்டிச் சாறு. அவர்கள் நாக்குக்கு அது பிடித்தது, எனக்கும் பிடிக்கும். புளிக்குழம்பில் மீன் தின்று வளர்ந்த அம்மாவுக்கு அது ஒத்துவராததில் வியப்பில்லை. ஆனால் சம்பால் மத்தா என்று ஒன்று உண்டு. சின்ன வெங்காயம், பச்சையாக நறுக்கிய மிளகாய், எலுமிச்சைப் புல், மேலே சூடான தேங்காய் எண்ணெய். அதை அம்மாவின் சோற்றுக்குப் பக்கத்தில் யாராவது வைத்திருந்தால் அவர் வெறும் சோறு தின்றிருக்க மாட்டார். அவர்கள் காங்குங் என்று சொல்லும் கீரை நம் வள்ளைக்கீரைதான். அதுவும் அங்கே கிடைத்திருக்கும்.

மறுபடி போவதாக இருந்தால், அம்மாவை முதலில் கெடோங்கானான் மீன் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். ஜிம்பரானை ஒட்டி வடக்கே இருக்கிறது. வண்ணம் தீட்டிய படகுகள் கரையில் நிற்கும். சந்தையில் நாமே மீன் வாங்கிப் பக்கத்துக் கடையில் கொடுத்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவார்கள். ஒகேனக்கல்லில் மீன் வாங்கிக் கொடுத்து வறுத்துத் தரச் சொல்வோமே, அதே ஏற்பாடு. அம்மாவுக்கு அது புது ஊராகவே தெரியாது. தராசில் வைக்கும்போது கூடையை எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். டாக்சிக்காரர் "நல்ல இடம்" என்று தானாகக் கூட்டிப் போகும் உணவகத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆள் கொண்டுவந்ததற்கு அவருக்குத் தரும் பங்கும் பல இடங்களில் உங்கள் பில்லில்தான் வந்து விழும்.

இரண்டே வாக்கியங்கள் போதும். "பெராப்பா சத்து கிலோ?" என்றால் ஒரு கிலோ எவ்வளவு. "தன்பா கெச்சாப் மானிஸ்" என்றால் அந்த இனிப்புச் சாறு வேண்டாம். இரண்டையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடையில் அவரே கேட்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மேட்டூருக்குக் கூட்டிப் போய், அன்று ஜிம்பரானில் சொன்னதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.