பெரிய கோயில் வானத்தில் பாதி ஏன் கறுத்தது?

கேமரா கேள்வி – பதில்

கேள்வி (கும்பகோணம் வாசகர்): கேனான் 10–18 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். நண்பரிடம் போலரைசர் ஃபில்டர் இரவல் வாங்கி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் காலை எட்டு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து எடுத்தேன். படத்தின் வலப்பக்க வானம் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கிறது, இடப்பக்கம் வெளுத்திருக்கிறது. ஃபில்டரில் பழுதா? புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

பதில்: நண்பரின் ஃபில்டரைச் சந்தேகிக்காதீர்கள். பெரும் விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த லென்ஸில் இதே படம்தான் வந்திருக்கும்.

வானத்தின் நீலம் என்பது காற்றின் மூலக்கூறுகள் சிதறடித்த சூரிய ஒளி. அந்த ஒளியின் தளவிளைவு (போலரைசேஷன், அதாவது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மை) எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சூரியனிலிருந்து 90 டிகிரி விலகியிருக்கும் பட்டையில் அது உச்சத்தில் இருக்கும். சூரியனை நெருங்கினாலும் குறையும், அதற்கு நேர் எதிர்ப்புறம் போனாலும் குறையும். தளவிளைவு மிகுந்த இடத்தைத்தான் ஃபில்டரால் கறுக்க முடியும். உங்கள் லென்ஸ் 10 மி.மீ.யில் கிடைமட்டமாக ஏறக்குறைய 96 டிகிரியைப் பிடிக்கிறது. காலை எட்டு மணிக்குச் சூரியன் கிழக்கே இருக்க, நீங்கள் வடமேற்கைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். படத்தின் வல ஓரத்தில் வடக்கு, இட ஓரத்தில் மேற்கு. வடக்கில் உச்சத் தளவிளைவு, மேற்கில் சொற்பம். இரண்டும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தால் வானத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் படத்தில் விழுந்திருக்கும். நீங்களும் "அருமையான நீலம்" என்று மகிழ்ந்திருப்பீர்கள்.

பட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள். கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, விரல் சூரியனைவிட்டு நகராமல் மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். கட்டை விரல் எங்கெல்லாம் காட்டுகிறதோ அங்கெல்லாம் பட்டை.

இதையே ஏப்ரல் பிற்பாதியில் நடுப்பகலில் செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், கட்டை விரல் அடிவானத்தைச் சுற்றி வரும். உச்சத் தளவிளைவுப் பட்டை அப்போது நம்மைச் சுற்றி அடிவானத்தோடு படுத்திருக்கிறது என்று பொருள். எந்தத் திசையில் கேமராவைத் திருப்பினாலும் வலம், இடம் வேறுபாடு வராது. 'வைட் ஆங்கிளில் (உங்களுடையதைப் போன்ற அகலக்கோண லென்ஸில்) போலரைசர் கூடவே கூடாது' என்று ஆங்கிலப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். லண்டனில் ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் 62 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்த ஊருக்கு அந்த விதி சரி. தஞ்சாவூரில் ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. விதியை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் உச்சிவெயிலில் மாடத்துச் சிற்பங்களின் முகங்கள் நிழலில் மூழ்கிவிடும், தூசியும் புகைமூட்டமும் இருந்தால் அடிவானத்தின் தளவிளைவும் கரைந்துவிடும். ஒரு மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்.

இவ்வளவும் உங்கள் கேள்வி வானத்தைப் பற்றியது என்பதால் சொன்னேன். என்னைக் கேட்டால், வானத்துக்காக இந்த லென்ஸுக்குப் போலரைசர் வாங்கவே வேண்டாம். நீலத்தைப் பிறகு கணினியில் வேண்டுமளவு அடர்த்தியாக்கிக்கொள்ளலாம். கணினியால் ஆகாத வேலை வேறு இருக்கிறது. உங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய் ஓர் இலையைப் பாருங்கள். பாதி இலை பச்சையாகவே இருக்காது, வானத்தின் வெள்ளைதான் அதன்மேல் பளபளத்துக்கொண்டிருக்கும். அந்தப் பளபளப்பின் அடியில் உள்ள பச்சை படத்தில் பதிவாகவே இல்லை என்றால் எந்த மென்பொருள் அதை மீட்கும்? ஃபில்டரைக் கால் சுற்றுத் திருப்புங்கள், இலைக்கு நிறம் வரும். வாழை, நடவு முடிந்த வயல், மழையில் நனைந்த கருங்கல் தளம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மேகமூட்டமான நாளிலும் வேலை செய்யும், சொல்லப்போனால் அன்றுதான் அதன் அருமை தெரியும்.

தண்ணீரில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். டேவிட் பிரூஸ்டர் 1815இல் கண்ட விதிப்படி, தண்ணீர்ப் பரப்போடு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் வரும் பிரதிபலிப்பு முழுமையாகத் தளவிளைவு பெறுகிறது. கேமரா தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், உங்களுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தொலைவில் குளத்தின் படிக்கட்டு தண்ணீருக்கடியில் தெளிவாகத் தெரியும். அக்கரையோரத் தண்ணீர் கோபுரத்தைப் பிரதிபலித்துக்கொண்டே இருக்கும். வைட் ஆங்கிளில் இரண்டும் ஒரே படத்தில் கிடைப்பது குறையல்ல, எனக்கு மிகவும் பிடித்த விளைவு அது. உலோகத்தின் பளபளப்பு மட்டும் இதற்கு மசியாது. விமானத்தின் கலசத்துக்கோ நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கோ ஃபில்டரைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி வாங்கும் விஷயம். உங்கள் லென்ஸின் மரை 67 மி.மீ. அந்த அளவிலேயே வாங்கினால் மெல்லிய சட்டம் உள்ளதாகப் பாருங்கள். தடித்த சட்டம் 10 மி.மீ.யில் படத்தின் மூலைகளில் தலைகாட்டும். மிக மெல்லியவற்றில் சிலவற்றுக்கு முன்பக்க மரை இருக்காது, லென்ஸ் மூடி நிற்காமல் கீழே விழும். நான் சொல்வது, 77 மி.மீ. ஃபில்டர் ஒன்றும் 67இலிருந்து 77க்கு மாற்றும் ஸ்டெப்-அப் வளையம் ஒன்றும் வாங்குங்கள். மூலை மறைவது பெரும்பாலும் தீரும், நாளை பெரிய லென்ஸ் வாங்கினாலும் இதே ஃபில்டர் உதவும். பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும் லென்ஸ் ஹூடை மாட்ட முடியாது என்பதுதான் இழப்பு. அந்தப் பூவிதழ் வடிவ ஹூடை மாட்டிக்கொண்டு ஃபில்டரைத் திருப்ப விரல் நுழையாது என்பதால் இதைப் பெரிய இழப்பாக நான் நினைக்கவில்லை.

ஏற்கெனவே யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் போலரைசரை மாட்டுங்கள். கடையிலேயே ஒரு சோதனை: 10 மி.மீ.யில், தொலைவுக்கு ஃபோகஸ் வைத்து, எஃப் 16 துளை அளவில் வெள்ளைச் சுவரை ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுத்து மூலைகளை ஒப்பிடுங்கள். வளையம் பித்தளையா அலுமினியமா என்றும் கேளுங்கள். அலுமினியம் மரையில் இறுகிக்கொள்ளும். போலரைசரின் முன்வளையம் தனியாகச் சுற்றுவதால், இறுகினால் கழற்றுவது பெரும்பாடு. நாகை, வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போகிறவராக இருந்தால், விளிம்பை ஈரம் புகாமல் அடைத்த வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய ஏட்டுக்குக் கடற்காற்று ஆகாது.

போலரைசர் போட்டால் ஒளி ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). ஒன்றரை ஸ்டாப் என்று வைத்தால், 1/60 நொடியில் எடுத்த படத்துக்கு 1/20 நொடி வேண்டும். கோயில் பிராகாரத்தின் உள்ளே போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்யும்போதும் வேண்டாம், ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு நீலம் வரும்.

கேள்வி (மதுரை வாசகி): பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு போலரைசர் மலிவாகக் கிடைக்கிறது. பெயர் அழிந்துபோயிருக்கிறது. லீனியரா சர்குலரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போலரைசரில் லீனியர், சர்குலர் என இரண்டு வகை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ஃபில்டரின் லென்ஸ் பக்கத்தைக் கண்ணாடியை நோக்கிப் பிடித்து, அதன் வழியே அதன் பிம்பத்தையே பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் சர்குலர். அதைத் திருப்பி, முன்பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்தால் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரேபோல் தெளிவாக இருந்தால் லீனியர். சர்குலர் வகையில் போலரைசருக்குப் பின்னால் கால் அலைத் தகடு (ஒளியின் அதிர்வை வட்டமாக மாற்றும் தகடு) ஒன்று இருப்பதுதான் காரணம். எஸ்எல்ஆர் கேமராவின் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடிக்காக வந்த ஏற்பாடு அது, லீனியர் போட்டால் அதில் ஒளி அளவும் ஆட்டோஃபோகஸும் தடுமாறலாம். உங்களிடம் அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா இருந்தால் லீனியரையே துணிந்து வாங்குங்கள். வாங்குமுன் விளிம்பில் கண்ணாடிகள் பிரிந்து வானவில் நிறம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் மலிவு என்றாலும் வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகர்): நிக்கான் 14–24 மி.மீ. எஃப் 2.8 ஜி லென்ஸுக்கு 150 மி.மீ. ஃபில்டர் தாங்கியும் போலரைசரும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த லென்ஸின் முன்கண்ணாடி புடைத்திருப்பதால்தான் மரையே இல்லை. அதற்கென்று பெரிய தாங்கியைச் சுமந்து வால்பாறை தேயிலைச் சரிவில் ஏறுவதற்குப் பதில், 24 மி.மீ.யில் தொடங்கும் சாதாரண மரையுள்ள லென்ஸ் ஒன்றுக்குப் போலரைசர் வாங்குங்கள். தேயிலை இலைக்கு அந்த அகலம் தாராளம். 14 மி.மீ.யை இரவு வானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போலரைசருக்கு வேலையே இல்லை.