கசூபியப் பூக்களும் கடற்காற்றும்

கேள்வி: போலந்து நாட்டின் கசூபியப் பூத்தையல் வடிவங்களை ஐசிங் பிஸ்கட்டில் வரைந்து பழகுகிறேன். மறுநாள் பார்த்தால் கருநீலம் வெள்ளைத் தளத்தில் கசிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், கீழக்கரை

பதில்: பால்டிக் கடலோரத்தில் வாழும் கசூபியரின் பூத்தையலில் மூன்று நீலங்களுடன் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு என ஏழு நிறங்கள் வழக்கமாக இடம்பெறுவதால், அடர்நிறங்களைத் தவிர்க்கச் சொல்வது முறையாகாது, நீலம் இல்லாவிட்டால் அது கசூபியமே அன்று. குறை உங்கள் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது; ஆகவே நம் கடற்கரையில் வெள்ளைத் தளம் மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் ஈரமாகவே இருந்து, மேலிட்ட சாயத்தை உள்வாங்கிக்கொள்கிறது. தளத்தை மின்விசிறியின் கீழ் ஓரிரவு முழுவதும் உலரவிட்டு, விரலால் மெல்லத் தட்டும்போது குழி விழாத பிறகே வரையத் தொடங்குங்கள். கோடு போடும் ஐசிங், கரண்டியைத் தூக்கினால் முனை சாயாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். திரவச் சாயத்தை விட்டுவிட்டு ஜெல் சாயத்தைச் சிறிதளவே சேர்த்து, கலவையைச் சில மணி நேரம் மூடி வைத்தால் நிறம் தானாகவே அடர்ந்துவிடும். துலிப், மாதுளை ஆகியவற்றின் இதழ்களை வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலத்தை இறுதியில் இடுங்கள். மாதுளையின் நடுவில் வரும் வலைப்பின்னலுக்கு ஐசிங் பிழியும் பையில் மிக நுண்ணிய முனை வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்தவுடன் வியர்த்து, வரைந்தவை அனைத்தும் கரைந்துவிடும். நன்கு காய்ந்தவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி வைத்தாலே போதும்.