டிக்கெட்டும் விலை, ஃப்ளைட்டும் ஃபுல். அப்புறம் ஏன் விமானக் கம்பனிகள் நஷ்டத்தில் ஓடுகின்றன?

கேட்டவர் கேட்டது இரண்டு. கொழும்பிலிருந்து எங்கே போவதென்றாலும் டிக்கெட் விலை தலைசுற்ற வைக்கிறது, ஃப்ளைட்டும் நிறைந்துதான் போகிறது, பிறகு எப்படி நஷ்டம்? இரண்டாவது, நம் நாட்டு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸால் துபாயின் எமிரேட்ஸ் மாதிரியானவற்றோடு போட்டி போடவே முடியாதா?

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஹட்டனில் ஒரு சின்ன டிராவல்ஸில் பதினான்கு வருடமாக டிக்கெட் போடுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும், தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஃபுல்'. கொழும்பு–ரியாத் என்று அடித்தால் என் திரையில் ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் எதிரே எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை வரும். வை 9, பி 9, எம் 6, கே 2, க்யூ 0 என்று போகும். எல்லாம் எகானமி சீட்தான், அதே சோற்றுப் பொட்டலம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை. 9 என்றால் அந்த விலையில் ஒன்பதோ அதற்கு மேலோ சீட் இருக்கிறது. பூஜ்யம் என்றால் அந்த விலை முடிந்துவிட்டது, மேலே உள்ள எழுத்துக்குப் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். ஆகவே ஃப்ளைட் நிறைந்ததா என்பது பெரிய விஷயமில்லை, எந்த எழுத்தில் நிறைந்தது என்பதுதான் விஷயம்.

ஏன் இப்படி விற்கிறார்கள்? தேயிலைக் கொழுந்துக்கும் விமான சீட்டுக்கும் ஒரே விதி என்று வையுங்கள். காலையில் பறித்த கொழுந்து அன்றைக்கே பெக்டரிக்குப் போயாக வேண்டும், மறுநாளைக்கு அது தேயிலை ஆகாது. விமானக் கதவு மூடிய பிறகு காலியாக இருக்கிற சீட்டும் அப்படித்தான், அதை எடுத்து வைத்து அடுத்த கிழமை விற்க முடியாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானி சம்பளம், குத்தகைத் தவணை, இறங்கும் கட்டணம் எதுவும் குறையாது. அதனால் கடைசி சீட்டை என்ன விலைக்காவது தள்ளிவிடத்தான் தோன்றும். ஒரு கம்பனி தள்ளினால் பக்கத்துக் கம்பனியும் தள்ளும். பயணிக்குக் கொண்டாட்டம், கணக்குப்பிள்ளைக்கு ஒப்பாரி.

மிச்சம் எவ்வளவு நிற்கும் என்கிறீர்கள்? விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி, சமீபத்து நல்ல வருடங்களிலேயே ஒரு பயணிக்கு ஏறத்தாழ 7 டொலர்தான் லாபம். நம் காசுக்கு இரண்டாயிரம் சொச்சம். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு பேர் கொத்துரொட்டி சாப்பிட்டு ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தால் தீர்ந்துவிடும். கோவிட் வந்த 2020இல் மட்டும் உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் 137 பில்லியன் டொலருக்கு மேல் இழந்தன. ஒரு ஆளுக்கு ஏழு ஏழு டொலராகச் சேர்த்து அந்தக் குழியை எப்போது நிரப்புவது?

அடுத்தது டொலர். எண்ணெய், விமானக் குத்தகை, எஞ்சின் பழுதுபார்ப்பு, காப்புறுதி எல்லாவற்றையும் டொலரில்தான் கட்ட வேண்டும். எண்ணெய் மட்டுமே செலவில் கால்வாசியிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை போகும். வருமானமோ அந்தந்த நாட்டுக் காசில் வரும்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, 2022 மார்ச்சில் என் மேசையில் புரிந்தது. பொகவந்தலாவைப் பக்கத்து அக்கா ஒருவர், ரியாதில் வீட்டு வேலை, லீவில் வந்து திரும்பிப் போக டிக்கெட் கேட்டு வந்தார். 82,000 ரூபா என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டுக் கட்டிய காசை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனவர் அடுத்த கிழமை மழையில் நனைந்துகொண்டு வந்தார். பாஸ்போர்ட்டும் பணமும் பொலித்தீன் பையில் சுற்றி, உள்ளே நான் எழுதிக் கொடுத்த அதே துண்டு. இதற்கிடையில் ரூபாவின் மதிப்பைப் பிடித்து வைக்காமல் சந்தை போகிற போக்கில் மிதக்க விட்டுவிட்டார்கள், 200 ரூபாவில் நின்ற டொலர் 260ஐத் தாண்டியிருந்தது. திரையில் 107,000. "தங்கச்சி, போன கெழம ஒரு வெல சொன்னீங்க, இப்ப ஒரு வெல சொல்றீங்க. அதுக்குள்ள பிளேன் பெருசாகிருச்சா?" என்றார். நான் என்ன சொல்வது? மிச்சக் காசைப் பக்கத்து நகைக்கடையில் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினார். மே மாதம் டொலர் 360 ஆனது.

அந்த வருடம் கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் விமான எண்ணெய்க்கே தட்டுப்பாடு. நம் ஐரோப்பா ஃப்ளைட்டுகள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. ஒவ்வொரு முறை இறங்கி ஏறுவதற்கும் தனிக் கட்டணம், தனி எண்ணெய், தனி நேரம். இப்படி ஓடிக்கொண்டு யாரோடு போட்டி போடுவது?

இந்தத் தொழிலில் யாருமே சம்பாதிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விமானம் செய்கிறவன், எஞ்சின் செய்கிறவன், குத்தகைக்கு விடுகிறவன், எயார்போர்ட் நடத்துகிறவன் எல்லாரும் விமான நிறுவனத்தை விட நிம்மதியாக இருக்கிறார்கள். தேயிலையில் பார்க்காததா? தோட்டத்துக்காரன் விலை சொல்ல முடியாது, கொழும்பு ஏலம்தான் சொல்லும். பெட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டுகிறவனிடம்தான் காசு தங்கும். பெரிய விமானம் செய்ய உலகத்தில் போயிங், எயார்பஸ் என்று இரண்டே பேர். எஞ்சினுக்கும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் ஆட்கள். எஞ்சினை விற்று, அப்புறம் பல வருடம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கறப்பார்கள். உதிரிப் பாகம் தாமதமானால் விமானம் தரையில் நிற்கும், குத்தகை மட்டும் ஓடும். ஸ்ரீலங்கனிலும் அண்மைக் காலத்தில் சில ஏ320 நியோ விமானங்கள் எஞ்சின் இல்லாமல் அப்படி நின்றன. குத்தகையிலிருந்து கழன்றுகொள்வதும் லேசில்லை. 2016இல் ஏ350 விமானங்கள் வேண்டாம் என்று ஒப்பந்தத்தை ரத்துச் செய்ததற்கு மட்டும் சுமார் 98 மில்லியன் டொலர் போனது. ஓடாத விமானத்துக்குக் கொடுத்த காசு அது.

(வாடகை விமானம் என்றதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஏழு கன்னி மலை ஞாபகம் வரும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு வந்த டீசி-8 விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அது டச்சுக் கம்பனியான மார்ட்டின் எயாருடையது, ஹஜ் பயணத்துக்கென்று அமர்த்தப்பட்டது. ஒரு நாட்டுப் பயணியை இன்னொரு நாட்டு விமானம் ஏற்றிப் போவது இந்தத் தொழிலில் அவ்வளவு பழையது.)

சரி, எமிரேட்ஸுக்கு வருவோம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்து இறங்குகிறது, அதனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ் நிறைந்து போகிறது. மஸ்கெலியாவிலிருந்து மட்டும் ஆள் ஏற்றி ஒரு மணிக்கு ஒரு பஸ் கொழும்புக்கு விட்டால் ஓட்டுகிறவன் ஓட்டாண்டி. துபாய்தான் அந்த ஹட்டன் ஸ்டாண்ட். கொழும்பு, கொச்சி, டாக்கா, மணிலா என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆட்கள் அங்கே இறங்கி மாறுகிறார்கள், லண்டன் ஃப்ளைட் நிறைகிறது. ஸ்ரீலங்கனின் கொழும்பு–லண்டன் ஃப்ளைட்டுக்கு வாய்த்தது மஸ்கெலியா பஸ்ஸின் நிலைமை. மாலே, சென்னை, திருச்சியிலிருந்து கொஞ்சம் ஆளைக் கூட்டிச் சேர்த்துப் பார்க்கிறார்கள், ஆனால் இருபது சொச்சம் விமானத்தை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் கூட்டுவது? எமிரேட்ஸ் குழுமம் 2024-25இல் வரிக்கு முன் 22.7 பில்லியன் திர்ஹம் லாபம் காட்டியது. இடம், எயார்போர்ட், அரசாங்கம் மூன்றும் ஒரே கையில் இருப்பதன் பலனும் அதில் இருக்கிறது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் அதே எமிரேட்ஸ் 1998இலிருந்து பத்து வருடம் நம் கம்பனியையே நடத்தியது. எயார் லங்கா என்ற பெயர் ஸ்ரீலங்கன் ஆனது அந்தக் காலத்தில்தான். 2001 ஜூலையில் கட்டுநாயக்கா தாக்குதலில் விமானங்கள் எரிந்து, சேதமாகி, கம்பனியின் பாதி விமானங்களே போன பிறகும் தூக்கி நிறுத்தினார்கள். 2007 கடைசியில், லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காகக் காசு கொடுத்த பயணிகளை இறக்க மறுத்தார்கள் என்று தகராறு வந்தது, தலைமை அதிகாரியின் விசா போனது, 2008இல் நிர்வாக ஒப்பந்தமும் முடிந்தது. அதற்குப் பிறகு லாபம் காட்டிய வருடங்கள் அபூர்வம். போதாக்குறைக்கு 2007இல் மிஹின் லங்கா என்று இன்னொரு அரசாங்கக் கம்பனி. 2016இல் அதையும் மூடினார்கள், கடன் மட்டும் மிஞ்சியது. ஸ்ரீலங்கன் அரசாங்க உத்தரவாதத்தோடு வாங்கிய 175 மில்லியன் டொலர் பத்திரக் கடனை 2024 ஜூன் தவணைக்குக் கட்ட முடியவில்லை. விற்கவும் பார்த்தார்கள், கைகூடவில்லை.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் எயார்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல். மூன்றும் தனியார்தான். அரசாங்கத் தோட்டமோ கம்பனித் தோட்டமோ, முகாமைத்துவம் சரியில்லாவிட்டால் மலை காடாகத்தான் போகும். 2006இல் தொடங்கிய இண்டிகோ நின்று நிலைத்ததற்குக் காரணம் சலிப்பூட்டும் காரணம்: பெரும்பாலும் ஒரே ரக விமானம், இறங்கின வேகத்தில் திரும்பக் கிளப்புவது, சோற்றுக்குத் தனிக் காசு. ஒரே ரகம் என்றால் விமானி பயிற்சியும் ஒன்று, உதிரிப் பாகமும் ஒன்று.

ஆக என் பதில்: துபாயோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. லண்டனும் பாரிஸும் பெருமைக்கு நன்றாக இருக்கும். நம்மிடம் நிச்சயமாக இருக்கிற ஆள், தென்னிந்தியாவுக்கும் மாலேக்கும் வளைகுடாவுக்கும் போகிற ஆள்தான். சின்ன விமானம், அடிக்கடி ஃப்ளைட், நேரத்துக்குப் புறப்படுதல், இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் கையைக் கடிக்காமல் ஓட்டலாம். ஆனால் அந்த வளைகுடா ஆளை ஒரு வாடிக்கையாளராக மதிக்கிற கம்பனி எதுவும் இன்னும் என் கண்ணில் படவில்லை. சுற்றுலாப் பயணிக்குச் சிரிக்கிற கவுண்டர், பொலித்தீன் பையோடு வருகிற அக்காவிடம் பெட்டி நிறைக்காக எரிந்து விழுகிறது. வருடா வருடம் தவறாமல் டிக்கெட் வாங்குவது யார் என்று அவர்கள் கணக்குப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

போன மாதம் அதே பொகவந்தலாவை அக்கா வந்தார். மகன் இப்போது ரியாதில் டிரைவர், மருமகளைக் கைக்குழந்தையோடு விசிட் விசாவில் அனுப்ப வேண்டுமாம். துபாயில் மாறிப் போகிற டிக்கெட் பதினான்காயிரம் குறைவு என்று காட்டினேன். அந்தப் பிள்ளை கட்டுநாயக்காவையே பார்த்ததில்லை. அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"வேணாம் தங்கச்சி, எறங்கி ஏறுறதெல்லாம் அவளுக்கு ஏலாது. நம்ம பிளேன்லயே நேரா போடுங்க. அதுல தமிழ்லயும் சொல்லுவாங்க."

கே 2 என்று நின்றது. போட்டு முடித்தபோது கே 1.